2019 மார்ச் 9: கோயம்புத்தூரில் ஒரு சனிக்கிழமை

போன மாதம் பேரனைக் கூட்டிக்கொண்டு நம் உப்பளம் இந்திரா காந்தி விளையாட்டரங்கம் பக்கம் நடக்கப் போயிருந்தேன். உள்ளே பையன்கள் பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். பேரன் போட்டிருந்தது எம்பாப்பே பனியன். திடீரென்று கேட்டான், "தாத்தா, சென்னையின் எஃப்.சி.யை விட்டா தமிழ்நாட்டு டீம் வேற எதுவாச்சும் இந்தியா லெவல்ல ஜெயிச்சிருக்கா?"

"ஏன் இல்ல? சென்னை சிட்டி. 2019-ல ஐ-லீக் கப். நானே நேர்ல பாத்தேன்."

உடனே கைப்பேசியை எடுத்தான். எதையோ தட்டினான். "இந்த வருஷ லிஸ்ட்ல அப்படி ஒரு டீமே இல்லியே தாத்தா" என்றான். நான் கதை விடுகிறேன் என்று நினைத்துவிட்டான் போலிருக்கிறது. அன்று ராத்திரி சரியாகத் தூக்கம் வரவில்லை. எழுதி வைத்துவிடுவது நல்லது என்று தோன்றியது.

நம் ஊரில் அந்த ஆண்டு எப்படித் தொடங்கியது என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2018 ஜூலை 15, மாஸ்கோவில் பிரான்ஸ் 4-2 என்று குரோஷியாவை வென்று உலகக் கோப்பையை எடுத்தது. எங்கள் தெருவில் வெடி வெடித்தார்கள். மூவண்ணக் கொடி என்றால் நமக்குத்தான் இரண்டு மூவண்ணம் இருக்கிறதே, அன்றைக்கு நீலம், வெள்ளை, சிவப்பு. பக்கத்து வீட்டு சொல்தா அண்ணன் (பெயர் போட்டால் சண்டைக்கு வருவார், அதனால் அப்படியே விடுகிறேன்) பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து பென்ஷனில் வந்தவர். தெருவுக்கே கேக் வெட்டிக் கொடுத்தார்.

அவரும் நானும் சின்ன வயதில் இதே உப்பளம் மைதானத்தில் ஒன்றாக ஆடியவர்கள். அவர் சென்டர் பேக், நான் லெஃப்ட் அவுட். அப்போது புல் கிடையாது, மணல்தான். ஒரு ஆட்டம் ஆடிவிட்டு வீட்டுக்குப் போனால் அம்மா கால் கழுவாமல் உள்ளே விடமாட்டார்கள். அதற்கப்புறம் அவர் கடல் தாண்டிப் போனார், நான் அரசு அலுவலகத்தில் ஃபைலோடு உட்கார்ந்தேன். ஓய்வு பெற்றதும் மறுபடி ஒரே திண்ணை. பேச்சு முழுக்கப் பந்துதான்.

அந்த அக்டோபரில் ஐ-லீக் தொடங்கியபோது எங்கள் இரண்டு பேருக்குமே சென்னை சிட்டி மேல் பெரிய மரியாதை இல்லை. முந்தைய 2017-18 பருவத்தில் பத்து அணிகளில் எட்டாவது இடம். அதற்கு முந்தைய ஆண்டும் எட்டாவதுதான். பெயர் சென்னை, சொந்த மைதானம் கோயம்புத்தூர் ஜவஹர்லால் நேரு ஸ்டேடியம். சென்னையில் உள்ள நேரு ஸ்டேடியத்தில் ஐ.எஸ்.எல். ஆடும் சென்னையின் எஃப்.சி. இருந்தது. "பேரு ஒரு ஊரு, வூடு ஒரு ஊரு, காலு ஸ்பெயின் காலு. இது இன்னா டீமு?" என்று நான்தான் கேலி செய்தேன். அதை ஒத்துக்கொண்டுவிடுகிறேன்.

ஸ்பெயின் கால் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. பயிற்சியாளர் சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ். வெளிநாட்டு ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் ஸ்பெயினிலிருந்து வந்தவர்கள்: பெத்ரோ மான்சி, சாண்ட்ரோ ரோட்ரிகஸ், நெஸ்டர் கோர்டில்லோ, ரொபெர்ட்டோ எஸ்லாவா, கோல்கீப்பர் நவுசெத் சந்தானா. பெரிய கிளப்பில் ஆடிப் பெயர் வாங்கியவர் யாரும் இல்லை. அங்கே கீழ்ப்பிரிவு அணிகளில் ஆடிக்கொண்டிருந்தவர்கள். சிலர் கேனரித் தீவுகளைச் சேர்ந்தவர்கள். இந்தியாவில் அதுவரை வழக்கம் என்னவென்றால், உயரமான ஒருவரை முன்னால் நிறுத்திவிட்டு, பின்னாலிருந்து நீளமாக அடிப்பது. இவர்கள் பந்தைத் தரையிலேயே வைத்துக்கொண்டு சின்னச் சின்ன பாஸாகக் கொண்டுபோனார்கள். கூடவே எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ், பிரவிட்டோ ராஜு என்று நம் பக்கத்துப் பையன்கள். கோர்டில்லோ நடுவில் பந்தை வாங்கித் திரும்பும்போதே ரொமாரியோ ஓரத்தில் ஓட ஆரம்பித்துவிடுவார். லெஃப்ட் அவுட்டாக இருந்தவன் என்பதால் எனக்கு ஓரத்தில் ஓடுகிறவர்கள் மேல்தான் கண் போகும்.

முதல் ஆட்டம் 2018 அக்டோபர் 26, கோவையில் இந்தியன் ஆரோஸுக்கு எதிராக. 4-1. மான்சி மூன்று கோல். ஆரோஸ் என்பது இளைஞர் அணி, அதை அடித்தது பெரிய விஷயமா என்றேன் நான். சொல்தா அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. நவம்பர் 13-ஆம் தேதி கொல்கத்தாவில் ஈஸ்ட் பெங்காலை 2-1 என்று இவர்கள் வென்ற ராத்திரி, எங்கள் வீட்டுக் கதவைத் தட்டி, "இப்ப பேசுடா" என்றார்.

ஈஸ்ட் பெங்கால் யார் என்பதை இளையவர்களுக்காகச் சொல்ல வேண்டும். நூறு வயதை நெருங்கிக்கொண்டிருந்த கிளப். சால்ட் லேக் ஸ்டேடியத்தில் அவர்களுக்கு வரும் கூட்டம் நம் புதுச்சேரி நகரத்துக் கூட்டம். ஆனால் 2003-04க்குப் பிறகு தேசிய லீக்கை அவர்கள் ஜெயித்ததே இல்லை. அந்த ஆண்டு அவர்களும் ஸ்பெயின் பயிற்சியாளர் அலெஹாண்ட்ரோ மெனெண்டஸைக் கொண்டுவந்து, இந்தத் தடவை விடக்கூடாது என்று இறங்கியிருந்தார்கள். ஜனவரியில் கோவையிலும் இவர்களிடம் அதே 2-1. கடைசியில் இரண்டு அணிகளுக்கும் ஒரே ஒரு புள்ளிதான் வித்தியாசம் என்பதை நினைத்தால், அந்த இரண்டு ஆட்டங்களின் விலை புரியும்.

இதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளும் எதிர்பாராத அணிகள்தான் கோப்பை எடுத்தன. 2016-17இல் மிசோரமின் ஐசால், 2017-18இல் பஞ்சாபின் மினர்வா. அதனால் "சின்ன டீம் ஜெயிக்கிறது" என்பது ஐ-லீக்கில் கேள்விப்படாத சங்கதி இல்லை. ஆனால் 1996-இல் தேசிய லீக் தொடங்கியதிலிருந்து தமிழ்நாட்டு அணி ஒன்றும் அதை வென்றதில்லை. நம் இந்தியன் வங்கி அணி அதில் ஆடியிருக்கிறது, அவ்வளவுதான். ஒலிம்பிக்கில் இந்தியா கடைசியாகப் போட்ட கோல் யாருடையது? 1960 ரோம், பெரு நாட்டுக்கு எதிராக, திருச்சி சைமன் சுந்தரராஜ். அப்படிப்பட்ட ஆட்களைக் கொடுத்த மண், தன் பெயரில் ஒரு கோப்பை இல்லாமல் இருந்தது.

பருவத்தின் நடுவில் எல்லா ஆட்டங்களையும் டி.வி.யில் காட்டுவதை நிறுத்திவிட்டார்கள். அது இன்னொரு கூத்து. ஆட்டம் நடக்கிறது, கணக்கு ஏறுகிறது, நாம் பார்க்க முடியாது. சொல்தா அண்ணனின் பேத்தி கைப்பேசியில் கோல் விவரத்தைப் படித்துச் சொல்லும், நாங்கள் இரண்டு கிழவர்களும் பழைய காலத்து ரேடியோ கேட்கிற மாதிரி தலையைச் சாய்த்து உட்கார்ந்திருப்போம். "தாத்தா, மான்சி." "மறுபடியும் மான்சி." அந்தக் குழந்தைக்கே மான்சி என்றால் சொந்தக்கார மாமா மாதிரி ஆகிவிட்டது. பருவ முடிவில் அவர் கணக்கு 21 கோல். சர்ச்சில் பிரதர்ஸின் வில்லிஸ் பிளாசாவும் 21. இருவருமே முதலிடம்.

பிப்ரவரி முடிவதற்குள் கோப்பை கையில் வந்துவிட்ட மாதிரிதான் இருந்தது. மார்ச் 1, கோவாவில் சர்ச்சிலை ஜெயித்தால் முடிந்தது. 3-2 என்று தோற்றார்கள். மார்ச் 3 அன்று ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தது. ஆக, கடைசி நாளுக்கு நிலவரம்: சென்னை சிட்டி 40, ஈஸ்ட் பெங்கால் 39. மார்ச் 9, சனிக்கிழமை, இரண்டு ஆட்டமும் ஒரே நேரத்தில். கோவையில் சென்னை சிட்டிக்கு எதிரே நடப்புச் சாம்பியன் மினர்வா. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலுக்கு எதிரே கோகுலம் கேரளா.

"கெளம்புடா" என்றார் அண்ணன். எனக்குக் கோவையில் மகள் வீடு இருக்கிறது. வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறினோம். எழுபதை நெருங்கின இரண்டு பேர் பந்தாட்டம் பார்க்க ராத்திரி பஸ்ஸில் போகிறார்கள் என்று வீட்டில் அவரவர் மனைவிமார் சொன்னதை இங்கே எழுத முடியாது.

கோவை நேரு ஸ்டேடியத்தைப் பார்க்காதவர்களுக்கு: வ.உ.சி. பூங்காவை ஒட்டி, வெளிச்சுற்று முழுக்கக் கடைகள், உள்ளே ஓட்டப் பந்தயத் தடம், அதற்கு நடுவில் மைதானம். பார்வையாளருக்கும் ஆட்டத்துக்கும் தூரம் அதிகம். நான் நினைத்ததைவிட நல்ல கூட்டம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் நிறைய. எங்களுக்குப் பக்கத்தில் மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் உட்கார்ந்திருந்தார். "எங்கூரு டீமுங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. பேர் ஒரு ஊர், வீடு ஒரு ஊர் என்று நான் சிரித்த அணியை, அவர் பெயரைப் பார்க்காமல் வீட்டை மட்டும் பார்த்துத் தன்னுடையது என்று சொல்லிவிட்டார்.

ஆட்டம் தொடங்கி மூன்றாவது நிமிடம், மினர்வாவின் ரோலண்ட் பிலாலா கோல் அடித்துவிட்டார். இன்னும் எல்லாரும் உட்காரக்கூட இல்லை. அப்புறம் நாற்பது நிமிஷத்துக்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. பந்து சுற்றிச் சுற்றி வருகிறது, கோல் பக்கம் போனால் கால் நடுங்குகிறது. 40 கோல் தாண்டிப் போட்ட அணி இதுதானா என்று இருந்தது. இடைவேளையில் 0-1. கோழிக்கோட்டில் 0-0. அங்கே ஈஸ்ட் பெங்கால் ஒரு கோல் போட்டால் போதும், கோப்பை கொல்கத்தாவுக்குப் போய்விடும். மில்காரர் வாங்கி வந்த கடலையை மூன்று பேரும் பேசாமல் தின்றோம்.

56-ஆவது நிமிடம் பெனால்டி கிடைத்தது. மான்சி அடித்தார். 1-1.

69-ஆவது நிமிடம் கவுரவ் போரா. அசாமிலிருந்து வந்த பையன், அடிப்படையில் தடுப்பாட்டக்காரர். அவர்தான் இரண்டாவது கோல் அடித்தார். மான்சியையும் கோர்டில்லோவையும் மினர்வா கட்டிப்போட்டால், பின்னாலிருந்து வருகிறவனை யார் பார்ப்பது? ஏறத்தாழ அதே நேரத்தில் கோழிக்கோட்டில் மார்கஸ் ஜோசப் கோகுலத்துக்கு ஒரு கோல் போட்டுவிட்டார் என்று கூட்டத்தில் செய்தி பரவியது. எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். இனி என்ன, முடிந்தது என்று நினைத்தோம்.

முடியவில்லை. 79-ஆவது நிமிடம் ஈஸ்ட் பெங்காலுக்குப் பெனால்டி, 1-1. 85-இல் டன்மாவியா ரால்டே இன்னொன்று, 2-1. அந்தக் கடைசி ஐந்து நிமிஷத்தில் கணக்கு இதுதான்: இங்கே மினர்வா ஒரு கோல் போட்டு 2-2 ஆனால், சென்னை சிட்டி 41, ஈஸ்ட் பெங்கால் 42. இருபது ஆட்டம் ஆடி, கடைசி ஐந்து நிமிஷத்தில் எல்லாம் போய்விடும். சொல்தா அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார். போரில் இருந்த மனிதர், அதைப் பார்க்க முடியவில்லை. கடைக்காரர் ஒருவரிடம் தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டு சுவரோரமாக நின்றாராம்.

நிறுத்த நேரம், 93-ஆவது நிமிடம். மறுபடி போரா. 3-1. அந்தச் சத்தம் கேட்டுத்தான் அவர் உள்ளே ஓடிவந்தார். இரண்டு கோலையும் போட்டவன் ஒரு பேக் என்று தெரிந்ததும் அவருக்கு வந்த பெருமை இருக்கிறதே! தானே அடித்த மாதிரி. "சென்டர் பேக்குடா, சென்டர் பேக்கு!" என்று மில்காரரைக் கட்டிக்கொண்டார்.

இருபது ஆட்டம், 13 வெற்றி, 4 சமன், 3 தோல்வி, 43 புள்ளி. ஈஸ்ட் பெங்கால் 42. மூன்றாவது, லீக்குக்குப் புதிதாக வந்த ரியல் காஷ்மீர்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டில் சாப்பாடு. அன்று மாலைதான் மக்களவைத் தேர்தல் தேதி அறிவித்தார்கள். ராத்திரி பஸ்ஸில் கிளம்பித் திங்கள் காலை புதுச்சேரி வந்து இறங்கினால், பத்திரிகையில் முதல் பக்கம் முழுக்கத் தேர்தல். நமக்கும் தமிழ்நாட்டுக்கும் ஏப்ரல் 18 வாக்குப்பதிவு. ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர் எங்கேயாவது கிடைக்குமா என்று அண்ணன் மூன்று டீக்கடை ஏறி இறங்கினார். கடைசியில் ஒரு கடையில் பஜ்ஜி மடிக்க வைத்திருந்த கட்டிலிருந்து விளையாட்டுப் பக்கத்தை எடுத்தார். எண்ணெய் படாத பக்கம், அதுவரை அதிர்ஷ்டம். எட்டு மாதத்துக்கு முன்னால் பிரான்ஸுக்கு வெடி போட்ட எங்கள் தெருவில் இந்த வெற்றி யாருக்கும் தெரியவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அக்டோபரில் நான் மட்டும் என்ன செய்தேன்?

ஆனால் வேறு ஒரு குறை உண்டு. இங்கிலாந்தில் லெஸ்டர் சிட்டி 5000-க்கு 1 என்ற பந்தயக் கணக்கை உடைத்து 2016-இல் ஜெயித்தபோது, அதற்கு அடுத்த ஆண்டு ஐரோப்பாவின் பெரிய மேடைக்கு நேராகப் போனது. இங்கே லீக் ஜெயித்தவனுக்கு மேலே ஏறப் படி கிடையாது. ஐ.எஸ்.எல். 2014 முதல் தனிக் கதவு போட்ட வீடாக இருந்தது. ஐ-லீக் சாம்பியன் அதில் நுழைய முடியாது. அதே ஏப்ரலில் புவனேஸ்வரத்தில் நடந்த சூப்பர் கப்பில், ஐ-லீக் அணிகள் பல வராமல் நின்றுவிட்டபோதும் சென்னை சிட்டி போய் ஆடியது. கால் இறுதியில் யாரை வென்றது தெரியுமா? பெங்களூரு எஃப்.சி.யை, 2-1. சுனில் சேத்ரியின் அணி, மூன்று வாரம் முன்புதான் ஐ.எஸ்.எல். கோப்பை எடுத்த அணி. அரையிறுதியில் கோவாவிடம் 3-0 தோற்றார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் எந்த லீக் சாம்பியன் பெரியவன் என்ற கேள்விக்கு மைதானத்தில் ஒரு பதில் கிடைத்தது. காகிதத்தில் கிடைக்கவில்லை.

அதற்கப்புறம் நடந்தது வேகமாக நடந்துவிட்டது. 2019 முடிவதற்குள் சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் 26 சதவீதப் பங்கு வாங்கியது. நல்ல காலம் வருகிறது என்று நினைத்தோம். 2020 ஜனவரியில் ஆசிய சாம்பியன்ஸ் லீக் முதல் தகுதிச் சுற்றில் பஹ்ரைனின் ரிஃபாவிடம் 1-0. மான்சி ஜப்பானின் அல்பிரெக்ஸ் நீகாட்டாவுக்குப் போய்விட்டார். மார்ச் 11, ஏ.எஃப்.சி. கப்பில் மாலத்தீவின் மாசியாவோடு 2-2. அதோடு கொரோனா வந்து எல்லாம் நின்றது. அடுத்த ஐ-லீக் முழுக்க வங்காளத்திலேயே, பூட்டிய மைதானங்களில். கோவை மில்காரருக்கு எந்த அணியும் இல்லை. எட்வின் சென்னையினுக்கும், ரொமாரியோ கோவாவுக்கும், போரா ஒடிசாவுக்கும் என்று ஒவ்வொருவராக ஐ.எஸ்.எல். பக்கம் போனார்கள். ஆட்டக்காரர்களுக்குத் திறந்த கதவு அணிக்குத் திறக்கவில்லை. 2021-22 பட்டியலில் சென்னை சிட்டி என்ற பெயரே இல்லை.

அப்புறம்தான் இன்னொரு வேடிக்கை. ஐ-லீக் சாம்பியன் ஐ.எஸ்.எல்.லுக்கு ஏறலாம் என்ற படியை 2022-23இல் போட்டார்கள். முதலில் ஏறியது யார்? பஞ்சாப். அதாவது பழைய மினர்வாதான், பெயர் மாறி. அன்றைக்குக் கோவையில் நாங்கள் 3-1 என்று அடித்த அதே அணி.

சொல்தா அண்ணன் எனக்கு அடிக்கடி கலே கதை சொல்வார். 2000-ஆம் ஆண்டு, பிரான்ஸின் வடக்குக் கோடியில் கலே என்ற துறைமுக ஊரின் அணி. நான்காம் பிரிவு, பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் ஆடுகிறவர்கள். பிரெஞ்சுக் கோப்பையில் லீல், கான், ஸ்ட்ராஸ்பூர், அதற்கப்புறம் சாம்பியன் போர்தோவையே 3-1 என்று வென்று இறுதிக்குப் போனார்கள். மே 7, ஸ்தாத் தெ பிரான்ஸ். முதலில் கோல் போட்டதும் அவர்கள்தான். கடைசி நிமிடப் பெனால்டியில் நாந்த் 2-1 என்று ஜெயித்தது. நாந்த் கேப்டன் லாந்த்ரோ, கலே கேப்டனையும் கூப்பிட்டு இருவருமாகக் கோப்பையைத் தூக்கினார்கள். அந்தக் கலே கிளப்பும் 2017-இல் திவாலாகி மூடப்பட்டது. இந்த இடம் வரும்போதெல்லாம் அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டு வெற்றிலைப் பெட்டியை எடுப்பார்.

2021 மே மாதம், இரண்டாவது அலையில் அண்ணன் போய்விட்டார். உப்பளம் கல்லறைக்குக்கூட நாங்கள் யாரும் போக முடியவில்லை. சில மாதம் கழித்து அண்ணி என்னைக் கூப்பிட்டு, அவருடைய பிரெஞ்சு பென்ஷன் காகிதங்கள் வைத்திருந்த பையைக் கொடுத்து, "இதுல எது வேணும், எது வேண்டாம்னு பாத்துச் சொல்லுங்க தம்பி" என்றார். பென்ஷன் புத்தகத்துக்குள் நாலாக மடித்து ஒரு பத்திரிகைத் துண்டு இருந்தது. விளையாட்டுப் பக்கம், புள்ளிப் பட்டியலோடு. மேலே நீல மையில், அவர் கையெழுத்தில், "போரா 69, 90+3" என்று எழுதியிருந்தார்.

அதை அண்ணியிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். பேரன் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருகிறான். காட்ட வேண்டும்.